மீனுக்கும் தண்ணீர் விளாவ வேண்டும்

ஜனவரி மாதம். டெல்லியில் கடும் குளிர். ஒரு சிறிய வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அந்த வீட்டு அக்கா கண்ணாடித் தொட்டியில் மாலி மீன் வளர்க்கிறார். குஞ்சுகள் பெரிதானதும் கடைக்குக் கொடுப்பார். அந்தப் பணம் மகளின் பள்ளிச் செலவுக்கு.

தொட்டித் தண்ணீர் கலங்கிவிட்டது. அக்கா பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீரை இறைத்தார். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வந்த குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். வாளி வாளியாக மீன் தொட்டியில் ஊற்றினார். தொட்டி பளிச்சென்று ஆனது.

மாலையில் மீன்கள் அடியில் போய் ஒடுங்கின. இரை போட்டும் வரவில்லை. நான்கு நாளில் உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஒரு வாரத்தில் பாதி மீன்கள் செத்து மிதந்தன.

குழாய் வேலை செய்யும் தம்பி அன்று வீட்டுக்கு வந்தார். அக்காவின் முகம் வாடியிருந்தது.

"தண்ணீரை மாற்றினது தப்பா, தம்பி? அழுக்காக இருந்ததே என்றுதானே மாற்றினேன்" என்றார் அக்கா.

"மாற்றினது தப்பில்லை, அக்கா. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது என்ன செய்வாய்?"

"வெந்நீரும் பச்சைத் தண்ணீருமாக விளாவி, கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவேன்."

"மீனுக்கு விளாவினாயா?"

அக்கா பதில் பேசவில்லை.

பல வீடுகளில் மீன்கள் இப்படித்தான் சாகின்றன. அழுக்குத் தண்ணீரும் மீனைக் கொல்லும். பதம் பார்க்காமல் ஊற்றிய நல்ல தண்ணீரும் கொல்லும். ஏன் என்று பார்ப்போம். பிறகு ஒரு டிரம், ஒரு வால்வு, சில அடி குழாயை வைத்து இதை எப்படித் தடுக்கலாம் என்று பார்ப்போம்.

ஏன் தண்ணீர் மாற்ற வேண்டும்?

ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். மீனின் கழிவு அதோடு போய்விடும். தொட்டியில் கழிவு எங்கே போகும்? தின்னாத இரையும் அடியில் கிடந்து அழுகும். இவற்றிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும்.

கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்கள் நமக்கு உதவி செய்கின்றன. அவை மணலிலும் வடிகட்டியிலும் வாழ்கின்றன. அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். பிறகு அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனாலும் அது தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியே எடுக்க எளிய வழி தண்ணீரை மாற்றுவதுதான்.

எவ்வளவு மாற்றுவது? வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு போதும். 100 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர். மொத்தத் தண்ணீரையும் ஒரே நாளில் கொட்டக் கூடாது.

மீனுக்குக் குளிர் என்ன செய்யும்?

நம் உடம்பின் சூடு வெயிலிலும் மழையிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மீன் அப்படி அல்ல. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் குளிரும். இரை செரிக்காது. நோயைத் தடுக்கும் வலு குறையும். வெண்புள்ளி நோய் அந்த நேரம் பார்த்துப் பிடிக்கும். அக்காவின் மீன்களுக்கு வந்தது அதுதான்.

மாலி மீனின் சொந்த இடம் மெக்சிகோ பக்கம். அது வெதுவெதுப்பான ஊர். கப்பி மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சூடுள்ள தண்ணீர் நல்லது. தங்க மீன் சீனாவிலிருந்து வந்தது. அது குளிரைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் திடீர் மாற்றத்தை எந்த மீனும் விரும்பாது. மெதுவாக மாறினால் உடம்பு பழகிக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் மாறினால் தாங்காது.

ஒரு சின்னக் கணக்கு

அக்காவின் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம். மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

90 × 30 × 40 = 1,08,000
1,08,000 ÷ 1000 = 108 லிட்டர்

மேலே கொஞ்சம் இடம் விட்டால் சுமார் 100 லிட்டர்.

அன்று தொட்டியில் 26 டிகிரி சூடு இருந்தது. அதில் 40 லிட்டரை அக்கா இறைத்துவிட்டார். மீதி 60 லிட்டர். ஊற்றிய 40 லிட்டர் தண்ணீர் வெறும் 11 டிகிரி.

60 × 26 = 1560
40 × 11 = 440
இரண்டும் சேர்ந்து 2000
2000 ÷ 100 = 20 டிகிரி

26 டிகிரியிலிருந்து 20 டிகிரி. ஒரே நேரத்தில் 6 டிகிரி இறங்கிவிட்டது. தண்ணீர் விழுந்த இடத்தில் நின்ற மீனுக்கு இன்னும் அதிகக் குளிர். மீன் எப்படித் தாங்கும்?

புதுத் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் உள்ள வேறுபாடு 1 டிகிரி, மிஞ்சினால் 2 டிகிரிதான் இருக்கலாம்.

இதைக் கையால் கண்டுபிடிக்க முடியாது. குளிரில் விறைத்த கைக்குப் பச்சைத் தண்ணீரும் வெதுவெதுப்பாகத் தெரியும். அதனால் மீன் கடையில் விற்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது இவ்வளவு குறைந்த சூட்டைக் காட்டாது.

குழாய்த் தண்ணீரில் இன்னொரு ஆபத்து

நகரங்களில் குடிநீரில் குளோரின் கலக்கிறார்கள். கிருமியைக் கொல்வதற்காக. நமக்கு அது நல்லது. மீனின் செவுளை அது அரித்துவிடும். வடிகட்டியில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் கொல்லும்.

தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு பகல், ஓர் இரவு வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். நேரம் இல்லாதவர்கள் மீன் கடையில் குளோரினை முறிக்கும் மருந்து வாங்கலாம். அது பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட். ஹைப்போ என்றும் சொல்வார்கள். சீட்டில் எழுதியுள்ள அளவைப் படித்துப் போடுங்கள். படிக்கக் கற்றது இதற்கும் உதவும்.

சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலப்பார்கள். அது வைத்திருந்தால் போகாது. அதற்கு மருந்து போட்டே ஆக வேண்டும்.

தம்பி செய்த குழாய் அமைப்பு

வாளியில் ஊற்றினால் அவசரம். தரையெல்லாம் ஈரம். இடுப்பும் வலிக்கும். தம்பி ஓர் எளிய அமைப்பைச் செய்து கொடுத்தார். அதற்கு வேண்டிய பொருள்கள்:

1. மூடியுள்ள 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம். ரசாயனமோ எண்ணெயோ வைத்த டிரம் வேண்டாம்.
2. அரை அங்குல டேங்க் நிப்பிள் ஒன்று, ரப்பர் வாஷர் இரண்டு.
3. அரை அங்குல பால் வால்வு இரண்டு.
4. உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய், வேண்டிய நீளம்.
5. குழாயை இறுக்கும் கிளிப்புகள், டெஃப்லான் டேப்.
6. தெர்மாமீட்டர்.

செம்புக் குழாயும் செம்பு இணைப்பும் வேண்டாம். செம்பு தண்ணீரில் கரைந்தால் மீனுக்கு நஞ்சு.

தண்ணீர் வரும் வழி: டிரம்மின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே ஓர் ஓட்டை போட்டார் தம்பி. ஏன் அடியிலேயே போடவில்லை? டிரம்மில் படியும் மண் தொட்டிக்குப் போகக் கூடாது அல்லவா? ஓட்டையில் நிப்பிளைப் பொருத்தினார். உள்ளே ஒரு வாஷர், வெளியே ஒரு வாஷர். நட்டை இறுக்கினார். டெஃப்லான் டேப் சுற்றி பால் வால்வை மாட்டினார். வால்வின் வாயில் பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் கிளிப் போட்டார். குழாயின் மறுமுனையை மீன் தொட்டியின் விளிம்பில் கட்டினார்.

டிரம்மின் அடிப்பாகம் மீன் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் தானாக இறங்கி வரும். 50 லிட்டர் தண்ணீர் 50 கிலோ எடை. சுவரில் ஆணி அடித்த பலகை தாங்காது. உறுதியான இரும்பு ஸ்டாண்டு வேண்டும்.

அவ்வளவு உயரத்தில் வைக்க இடம் இல்லையா? டிரம்மைத் தரையிலேயே வைக்கலாம். டெல்லியில் வீட்டுக்கு வீடு ஏர் கூலர் உண்டு. அதில் தண்ணீரை மேலே ஏற்றும் சிறு மோட்டார் போல ஒன்று புதிதாக வாங்கி டிரம்முக்குள் வைக்கலாம். அப்போது குழாயின் முனை தொட்டி நீருக்குள் முங்கக் கூடாது. முங்கினால், மோட்டாரை நிறுத்தியதும் தொட்டித் தண்ணீர் டிரம்முக்கே திரும்பிவிடும்.

தண்ணீர் போகும் வழி: இதற்கு வேறொரு குழாய். அதன் வெளிமுனையில் இரண்டாவது வால்வை மாட்டினார். வால்வை மூடி, குழாய் நிறையத் தண்ணீர் நிரப்பினார். மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தொட்டிக்குள் விட்டார். தண்ணீருக்குள் போனதும் விரலை எடுத்தார். வால்வைத் திறந்ததும் தண்ணீர் ஓடியது. வெளிமுனை தொட்டியின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும் வரை தண்ணீர் ஓடும். வாயால் உறிஞ்ச வேண்டாம். அழுக்குத் தண்ணீர் வாய்க்குள் போகும்.

அடையாளக் கோடு: அக்காவின் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் 2.7 லிட்டர் தண்ணீர் இருக்கும். அப்படியானால் 20 லிட்டருக்கு சுமார் ஏழரை சென்டிமீட்டர். தம்பி கண்ணாடியில் இரண்டு டேப் துண்டுகள் ஒட்டினார். மேலே உள்ளது நிறைந்த மட்டம். ஏழரை சென்டிமீட்டர் கீழே உள்ளது நிறுத்த வேண்டிய மட்டம். இனி அளக்க வேண்டியதே இல்லை.

வாரம் ஒரு நாள் வேலை

முதல் நாள்: டிரம்மில் 20 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் பிடியுங்கள். வீட்டுக்குள் திறந்து வையுங்கள். குழந்தைகள் இருந்தால் வலை கொண்டு மூடுங்கள். இதில் இரண்டு லாபம். குளோரின் போகும். கடும் குளிரும் குறையும்.

இந்த இரண்டாவது லாபத்தைக் கணக்கில் பாருங்கள். 11 டிகிரித் தண்ணீரை 26 டிகிரிக்குக் கொண்டுவர, பதினாறரை லிட்டருக்கு மூன்றரை லிட்டர் கொதிநீர் வேண்டும். ஒரு நாள் வீட்டுக்குள் இருந்து தண்ணீர் 16 டிகிரிக்கு வந்துவிட்டால், பதினேழரை லிட்டருக்கு இரண்டரை லிட்டர் கொதிநீர் போதும். ஒரு லிட்டர் கொதிநீர் மிச்சம். அடுப்பெரிக்கும் காஸும் மிச்சம்.

மறுநாள்: மீன் தொட்டியின் மின் இணைப்புகளைப் பிடுங்குங்கள். கீழ்க்கோடு வரை தண்ணீரை இறக்குங்கள். குழாய் முனையை மணல் மேல் நகர்த்தினால் அழுக்கும் சேர்ந்து வரும். குஞ்சு மீன் போகாமல் முனையில் வலை கட்டுங்கள்.

இப்போது விளாவுங்கள். டிரம்மைத் தரையில் வைத்திருந்தால் எளிது. உயரத்தில் இருந்தால் உறுதியான முக்காலியில் ஏறி நில்லுங்கள். கொதிநீரை ஒரேயடியாகத் தூக்காதீர்கள். சிறு சொம்பில் கொஞ்சம் கொஞ்சமாக, டிரம்மின் நடுவில் ஊற்றுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். சுத்தமான கரண்டியால் கலக்குங்கள். தெர்மாமீட்டரை ஒரு நிமிடம் விட்டுப் பாருங்கள். தொட்டியில் என்ன காட்டுகிறதோ, டிரம்மிலும் அதையே காட்ட வேண்டும்.

சரியாக வந்ததும் வால்வைக் கொஞ்சமாகத் திறங்கள். எவ்வளவு கொஞ்சம்? ஒரு லிட்டர் பாட்டில் நிறைய ஒரு நிமிடம் ஆக வேண்டும். அப்படி விட்டால் 20 லிட்டர் இறங்க 20 நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். ஆனால் தெருப்பக்கம் போய்விடாதீர்கள்.

அன்றே வடிகட்டியின் பஞ்சையும் கழுவ வேண்டுமா? குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். இறக்கிய பழைய தண்ணீரில் அலசுங்கள். நல்ல நுண்ணுயிர்கள் பிழைக்கும். மீதிப் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். அது நல்ல உரம்.

வீட்டில் கெய்சர் இருக்கிறதா? அதன் வெந்நீரையும் டிரம்மில்தான் விளாவ வேண்டும். மீன் தொட்டிக்கு நேராகக் குழாய் போட வேண்டாம். ஒரு நிமிடம் கவனம் தப்பினால் மீன்கள் வெந்துவிடும்.

கோடையில் வேறு கதை

டெல்லியில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடியில் உள்ள கறுப்புத் தொட்டியின் தண்ணீர் நடுப்பகலில் கொதிக்கும். அதைப் பிடித்து ஊற்றினால் என்ன ஆகும்? குளிர் செய்ததைச் சூடும் செய்யும். சூடான தண்ணீரில் உயிர்க்காற்று குறைவு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்க்காற்று கரையும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். மீன்கள் மேலே வந்து வாய் திறந்து திணறுவது அதனால்தான்.

கோடையில் விடியற்காலையில் டிரம்மை நிரப்புங்கள். நிழலில் வையுங்கள். வெளியே ஈரச்சாக்கு சுற்றினால் குளிரும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான் இதுவும். இன்னும் சூடாக இருந்தால் பனிக்கட்டியை மூடிய பாட்டிலில் போட்டு டிரம்மில் மிதக்க விடுங்கள். மீன் தொட்டிக்குள் பனிக்கட்டி போட வேண்டாம்.

மின்சாரம்: மறக்கக் கூடாதவை

தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மீன் போனால் வாங்கலாம். மனிதர் போனால்?

தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டர், மோட்டார் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுடச்சுட இருக்கும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே நின்றால் கண்ணாடி வெடிக்கும். அதனால் தண்ணீரை இறக்கும் முன் கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் ராடை மீன் தொட்டியிலோ டிரம்மிலோ போடவே கூடாது.

ஒயரைப் பிளக்குக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு, பிறகு மேலே கொண்டுபோய்ச் செருகுங்கள். ஒயரில் வழியும் தண்ணீர் கீழேயே சொட்டிவிடும். பிளக்குக்குப் போகாது. வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் பாருங்கள். மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சும் போடச் சொல்லுங்கள்.

பல தொட்டிகள் இருந்தால்

மேற்கு வங்கத்தில் கொல்கத்தா, ஹவுரா பக்கம் பல குடும்பங்களுக்கு அலங்கார மீன்தான் பிழைப்பு. கொல்கத்தாவின் கலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் மீன் சந்தை கூடும். அங்கும் குளிர்காலம் உண்டு. சென்னைக் கொளத்தூரிலும் இந்தத் தொழில் பெரிதாக நடக்கிறது. அங்கே கோடைதான் சோதனை.

தொட்டிகள் பல இருந்தால் பெரிய டிரம் வையுங்கள். ஒரு நீளக் குழாயில் தொட்டிக்கு ஒரு டீ, ஒரு வால்வு மாட்டுங்கள். ஒரு முறை விளாவினால் எல்லாத் தொட்டிக்கும் ஆகும். ஆனால் நோய் கண்ட தொட்டியில் பயன்படுத்திய குழாயையும் வலையையும் மற்றத் தொட்டியில் விடாதீர்கள்.

அக்கா இப்போது என்ன செய்கிறார்? ஞாயிறு காலை டிரம்மின் முன் நிற்கிறார். தெர்மாமீட்டரைப் பார்க்கிறார். 26 என்று படிக்கிறார். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அந்த எண்ணை எழுதுகிறார். பிழைத்த மாலிகள் குஞ்சு போட்டிருக்கின்றன. வால்வைத் திறக்கும் வேலை மகளுக்கு.

"கொஞ்சமாகத் திற, கண்ணு. மெதுவாகப் போகட்டும்" என்கிறார் அக்கா.

நினைவில் வையுங்கள்

வாரம் ஒரு முறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.
குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வையுங்கள், அல்லது மருந்து போடுங்கள்.
டிரம்மில் விளாவுங்கள். தெர்மாமீட்டரில் பாருங்கள்.
மெதுவாக விடுங்கள்.
கை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

விடை சொல்லுங்கள்

1. அக்காவின் மீன்கள் ஏன் செத்தன?
2. டிரம்மில் ஓட்டையை ஏன் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே போட வேண்டும்?
3. தொட்டியில் 80 லிட்டர் தண்ணீர், 26 டிகிரி. அதில் 16 டிகிரித் தண்ணீர் 20 லிட்டர் ஊற்றினால் எத்தனை டிகிரி ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.
4. உங்கள் ஊரில் மீனுக்குக் குளிர் எதிரியா, வெயில் எதிரியா? நீங்கள் என்ன செய்வீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்.